கத்தரிக்காய்க்கு என்ன நிறம்?

கொல்கத்தாவின் பெஹாலாவில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், தோளில் பையும் கையில் கிளிப் மாட்டிய அட்டையுமாகப் பிள்ளைகள் எதிர்ப்படுவார்கள். பாட்டு, நடனம், படம் வரைதல் மூன்றில் ஒன்றுக்காவது அனுப்பப்படாத வங்காளிப் பிள்ளை அரிது. டயமண்ட் ஹார்பர் ரோட்டின் இருபுறமும், பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து சகேர் பஜார் வரை, வீட்டு வாசல்களில் ஓவிய வகுப்புப் பலகைகள் தொங்கும். பேட்டைக்குப் பேட்டை கிளப் உண்டு. கிளப் என்று இருந்தால் 'போஷே ஆங்கோ' (உட்கார்ந்து வரை) போட்டியும் உண்டு. மைதானத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வரைவார்கள், பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நின்று தவிப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை. கங்கையின் வண்டல் மண்ணில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் ஒரு குன்றுகூடக் கண்ணில் படாது. ஆனாலும் மலை வந்துவிடும். மலைக்குப் பழுப்பு, ஆற்றுக்கு நீலம், புல்லுக்குப் பச்சை. எதற்கு எந்த நிறம் என்பது பென்சில் சீவும் முன்பே முடிவாகியிருக்கும். நம் ஊர் வகுப்புகளிலும் இதே மலை, இதே சூரியன்தான்.

என் வகுப்பில் மலை கிடையாது. நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவள். கணவருக்குக் கிதர்பூர் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் கொல்கத்தா வந்து, பெஹாலாவில் வீடு பார்த்து, முன்னறையில் வகுப்பு நடத்துகிறேன். புதிதாக வருபவர் எட்டு வயதுப் பிள்ளையானாலும் சரி, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவரானாலும் சரி, முதல் நாள் மேஜைமேல் ஒரு கத்தரிக்காய் இருக்கும். "என்ன நிறம்?" என்று கேட்பேன். "ஊதா" என்று உடனே பதில் வரும். "கொஞ்ச நேரம் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்" என்பேன்.

கால் மணி நேரம் பார்த்தால் அந்த ஊதா கலைய ஆரம்பிக்கும். ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் வானத்தின் வெளிர்நீலம் ஒரு கோடாக மின்னும். விரிப்பு சிவப்பாக இருந்தால் வயிற்றுப் பக்கம் செம்மை ஏறும். காம்பை ஒட்டிக் கொஞ்சம் பச்சை கசியும். மேஜையைத் தொடும் இடம் கிட்டத்தட்டக் கறுப்பு. அவர்கள் சொன்ன ஊதா நடுவில் சிறு இடத்தில்தான் மிஞ்சும். நிறம் பொருளின் சொந்தச் சொத்து அல்ல. விழுகிற வெளிச்சம், பக்கத்தில் இருக்கும் பொருள், பார்க்கிற கண் என்று மூன்றும் கூடி முடிவு செய்கிற விஷயம் அது. இதைக் கற்றுக்கொள்ள ஸ்டில் லைஃபை மிஞ்சிய வழி எனக்குத் தெரியாது.

குடம் எங்கும் ஓடிவிடாது

காய், பழம், பாத்திரம், புத்தகம், துணி என்று அசையாத பொருள்களை எதிரே அடுக்கி, பார்த்து வரைவதுதான் ஸ்டில் லைஃப். ஆளை உட்காரவைத்தால் அரை மணியில் கழுத்து வலிக்கிறது என்பார். வெளியே போய் வரைந்தால் மேகம் நகர்ந்துவிடும். குடம் எங்கும் போகாது. எதை வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், பின்னால் என்ன துணி எல்லாமே நம் கையில். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டு, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். பரிசோதனை என்றால் வேறென்ன?

இதிலேயே ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு. பிரான்ஸின் போல் செசான் (1839–1906) ஆப்பிளையும் ஆரஞ்சையும் மிக மெதுவாக வரைவார். வைத்த பூக்கள் வாடிவிடுகின்றன என்று காகிதப் பூக்களை வைத்துக்கொண்டவர். இத்தாலியின் பொலோன்யா நகரில் ஜியார்ஜியோ மொராண்டி (1890–1964), சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டின் ஒரே அறையில் படுத்து, எழுந்து, அதே பழைய பாட்டில்களையும் கூஜாக்களையும் திரும்பத் திரும்ப வரைந்தார். பளபளப்பு கண்ணை ஏமாற்றக் கூடாது என்று பாட்டில்களுக்கே மங்கலான பெயின்ட் பூசிவைத்தார். சாம்பல், வெளிர் பழுப்பு, அழுக்கு வெள்ளை. இந்த மூன்றுக்குள் அவர் கண்டெடுத்த வேறுபாடுகளைப் பார்த்தால் நம் கண் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று தோன்றும்.

இந்தியாவில் இந்தப் பயிற்சி பள்ளிக்கூடம் வழியாக வந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியும் (இன்றைய எழும்பூர் கல்லூரி), கொல்கத்தாவில் 1854இல் தொடங்கிய கலைப்பள்ளியும் ஐரோப்பிய முறையில் பொருளைப் பார்த்து வரையச் சொல்லிக்கொடுத்தன. சென்னைப் பள்ளிக்கு 1884இல் பொறுப்பேற்ற ஈ.பி. ஹாவெல் 1896இல் கொல்கத்தாவுக்கு மாறினார். அங்கே ஓவியர் அபனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து இந்திய மரபின் பக்கம் மாணவர்களைத் திருப்பினார். நல்ல காரியம். ஆனால் ஸ்டில் லைஃபுக்கு 'வெள்ளைக்காரன் தந்த வீட்டுப்பாடம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாண்டுத் தேர்வோடு மறந்துவிடுகிற சங்கதியாக அதை இன்றைக்கும் பலர் நடத்துகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கட்சி.

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையிலான கலைப் போக்குவரத்து ஹாவெலோடு நிற்கவில்லை. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளி. எழும்பூர் பள்ளியின் முதல் இந்தியத் தலைவர் அவர்தான். 1943இல் உருவான கல்கத்தா குழுவின் ஓவியர்கள் பரிதோஷ் சென், கோபால் கோஷ் இருவரும் அவரிடம் சென்னையில் படித்தவர்கள். எழும்பூரில் படித்த நான் பெஹாலாவில் வகுப்பெடுப்பது அந்தப் பழைய கணக்கில் ஒரு சிறு பாக்கி.

பக்கத்தில் யார்?

முதல் பரிசோதனைக்கு ஒரே ஒரு காயும் மூன்று துணிகளும் போதும். பெஹாலா பஜாரில் நான் காய் பொறுக்குவதைப் பார்த்தாலே காய்க்காரர் "போவ்தி (அண்ணி), சமைக்கவா, வரையவா?" என்பார். பூசணிக் கீற்று, வாழைப்பூ, வெள்ளைக் கோடு ஓடும் பொட்டோல், கந்தராஜ் எலுமிச்சை என்று எது கிடைத்தாலும் வரைய உதவும்.

எலுமிச்சையை முதலில் நீலத் துணிமேல் வைத்து வரையுங்கள். அடுத்து மஞ்சள் துணி, அதற்கடுத்து சாம்பல் துணி. ஒரே பழம்தான். நீலத்தின்மேல் அதில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். மஞ்சளின்மேல் அதன் பச்சை முன்னுக்கு வரும். சாம்பலின்மேல் நாம் நினைத்ததைவிடப் பிரகாசமாக இருக்கும். மூன்று படத்துக்கும் ஒரே கலவையைத் தடவினால் இரண்டு படங்களில் பழம் பொய் சொல்லும்.

இதற்கு விளக்கம் ஒரு நெசவுக்கூடத்திலிருந்து கிடைத்தது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு நூல் நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் ஓடியதுதான் காரணம். பக்கத்து நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலை இதன்மேல் ஏற்றிவிடுகிறது என்று கண்டு, 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். 102 வயதுவரை வாழ்ந்த மனிதர். பின்னாளில் வந்த ஓவியர்கள் பலர் அந்த நூலால் கண் திறந்தவர்கள்.

எதிர் நிறம் எது என்று கண்டுபிடிக்க அட்டவணை வேண்டாம். சிவப்புச் செம்பருத்தியை அரை நிமிடம் கண் அசைக்காமல் பார்த்துவிட்டு வெள்ளைத் தாளைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சையில் ஒரு பூ மிதக்கும். சிவப்பைப் பார்த்துக் களைத்த கண், அது இல்லாத மிச்சத்தைக் காட்டுகிறது. காளி பூஜைக்குச் செம்பருத்தி மாலை விற்கிற ஊரில் இந்தப் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை.

நம் காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இது கைவந்த விஷயம். மயில்கழுத்து நிறத்தைச் சாயத் தொட்டியில் காய்ச்சுவதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் ஓட்டித் தறியில் வரவழைக்கிறார்கள். மடிப்பு திரும்பும்போது நிறமும் திரும்புவது அதனால்தான். வங்காளத்தின் பெரிய ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் சில ஆண்டுகள் சென்னையில் கைத்தறித் துணி வடிவமைப்பாளராக இருந்தவர். பட்டுத்துணியை ஸ்டில் லைஃபில் வைத்து ஒரு மடிப்பை வரைந்து பாருங்கள். நெசவாளரின் மூளைக்கு ஒரு கும்பிடு போடுவீர்கள்.

வகுப்பில் பிள்ளைகள் அதிகம் திணறுவது வெள்ளையில்தான். வெள்ளைத் துணிமேல் முட்டை, சங்கு வளையல், கல்யாணக் கிரீடம் செய்கிற ஷோலா தக்கை. மூன்றும் வெள்ளை, மூன்றும் வேறு. சங்கில் வெண்ணெயின் மஞ்சள், தக்கையில் ஒளி வாங்கிய மங்கல், முட்டையில் இளஞ்சிவப்பு. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையை விரிப்பாக்கினால் கரையை ஒட்டிய வெள்ளையில் மெலிதாகப் பச்சை தெரியும். ஷெவ்ரல் சொன்னது அங்கேயும் நடக்கிறது. டியூபிலிருந்து வெள்ளையை அப்படியே பிதுக்குகிறவர்களுக்கு இந்தப் படம் வராது.

ஜன்னல் எந்தப் பக்கம்?

ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லும். அங்கே சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கே நிற்கும், அதனால் வடக்கு வெளிச்சம் மாறாமல் இருக்கும். நமக்கு அப்படியே பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம் இருக்கிறது. கொல்கத்தா இன்னும் வடக்கே தள்ளி இருப்பதால் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரைதான் அந்தத் தொந்தரவு. ஆனால் கோடை முழுக்கக் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் எட்டிப் பார்க்கும். நான் பெரிய படங்களை அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்வேன். மழைக்காலமும் நல்லதுதான், மேகமே வெளிச்சத்தைச் சலித்துத் தந்துவிடும்.

இருட்டும் நேரத்தில் செய்துபார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஜன்னலில் வானம் இன்னும் வெளுத்திருக்கும்போது மேஜைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, நடுவில் வெள்ளைக் கிண்ணம் வையுங்கள். இரண்டு நிழல் விழும். ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. மெழுகுவத்தியின் மஞ்சள் ஒளி எட்டாத நிழலில் வானத்தின் ஒளி மட்டும் விழுகிறது, அது நீலமாகத் தெரிகிறது. வானத்தின் ஒளி எட்டாத நிழலில் சுடரின் ஒளி மட்டும் விழுகிறது, அது ஆரஞ்சாகிறது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1810இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில் இந்த நிற நிழல்களுக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார். இதை ஒரு தடவை பார்த்த பிள்ளை அப்புறம் நிழலுக்குக் கறுப்பு பூசாது.

இன்னும் இருட்டினால் செம்பருத்தி கறுத்துப்போய், அதன் இலை வெளிறித் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணில் வேலை செய்யும் அணுக்கள் வேறு. அவற்றுக்குச் சிவப்பு எட்டாது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது. ராத்திரியில் வரைபவர்கள் எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவு) 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவு பல்புகளில் சிவப்பு செத்துத் தெரியும். பொருளுக்கும் தாளுக்கும் ஒரே விளக்கு இருப்பது முக்கியம்.

டியூபைக் குறையுங்கள்

பெற்றோர் ஆசையாக 24 நிறப் பெட்டி வாங்கித் தருவார்கள். நான் அதில் மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை, பர்ன்ட் சியன்னா ஆகிய ஐந்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எல்லா டியூபையும் தொட்டுக் குழப்பினால் கிடைப்பது, வீட்டிலிருக்கிற மசாலா முழுவதையும் ஒரே குழம்பில் கொட்டிய கதைதான். ஐந்து நிறத்துக்குள் தேடினால்தான் கலக்கக் கை பழகும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பெட்டியிலும் கிடைக்காத உயிருள்ள சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான நிழல். கறுப்பு டியூப் எதற்கு?

ஜாமினி ராய் (1887–1972) இதற்கு நல்ல சாட்சி. பாங்குரா மாவட்டம் பெலியாதோரில் பிறந்து, கொல்கத்தாவில் எண்ணெய் வண்ணத்தில் ஐரோப்பிய பாணியில் படம் வரைந்து பேர் வாங்கியவர். பிறகு அதை உதறிவிட்டுக் கிராமத்துப் பட ஓவியர்கள் பக்கம் போனார். மண், கல்பொடி, அவுரி, புளியங்கொட்டைப் பசை என்று கிடைத்ததை வைத்துத் தயாரித்த ஏழு நிறங்களுக்குள்தான் வேலை செய்தார். ஏழே நிறத்தில் அந்தப் படங்கள் எங்கேயும் ஏழையாகத் தெரிவதில்லை.

டியூபுக்குள் இருப்பதற்கும் ஓர் ஊரும் கதையும் உண்டு. இந்தியன் யெல்லோ என்று ஒரு மஞ்சள். கொல்கத்தாவிலிருந்து த்ரைலோக்யநாத் முகர்ஜி 1883இல் முங்கேர் பக்கத்து மிர்ஸாபூருக்குப் போய்ப் பார்த்து, லண்டனுக்கு எழுதினார். அங்கே மாடுகளுக்கு மாவிலை மட்டும் கொடுத்து, அவற்றின் சிறுநீரைக் காய்ச்சி, வடிகட்டி, உருண்டையாக உலர்த்தி விற்றார்களாம். கட்டுக்கதை என்று பின்னால் சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர் அனுப்பிய மாதிரிகளை அண்மையில் ஆராய்ந்தபோது சிறுநீரின் வேதியியல் அடையாளம் தெரிந்தது. இன்றைக்கு அதே பெயரில் விற்பது ஆலையில் செய்த மஞ்சள், மாடுகள் பிழைத்தன. தர்மதலாவில் இருக்கிற பழைய ஜி.சி. லாஹா வண்ணக் கடைக்குப் போனால் இந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் பக்கத்துப் பலசரக்குக் கடையின் பள்ளிக்கூடப் பெட்டியே தொடக்கத்துக்குப் போதும்.

கலந்த நிறம் சரியா என்று தெரியவில்லையா? பொருளையும் படத்தையும் சேர்த்து செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். இரண்டிலும் வெளுப்பும் கருமையும் ஒத்துப்போனால் நிறம் கொஞ்சம் விலகியிருந்தாலும் படம் நிற்கும். ஒத்துப்போகவில்லை என்றால் எத்தனை அழகான நிறம் பூசினாலும் நிற்காது. செல்போன் இல்லாத காலத்தில் பாதிக் கண்ணை மூடிப் பார்த்தார்கள். அதுவும் இதே சோதனைதான்.

போய்ப் பார்க்க

கொல்கத்தா வருகிறவர்கள் தக்ஷிணேஸ்வரம், காளிகாட் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காளிகாட் கோவில் வாசலில் 19ஆம் நூற்றாண்டில் யாத்ரீகர்களுக்கு விற்ற படங்கள்தான் காளிகாட் படங்கள். இப்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மட்டும் 600க்கு மேல் இருக்கின்றன. சாமி படங்களோடு, வாயில் இறால் கவ்விய பூனையும் அவற்றில் உண்டு. தூரிகையின் ஒரு ஓரத்தில் நிறம், மறு ஓரத்தில் தண்ணீர். ஒரே இழுப்பில் ஒரு பக்கம் அடர்ந்து மறு பக்கம் கரைந்து, உருண்டை வந்துவிடும். கத்தரிக்காய் வரையும் பிள்ளைக்கு இதைவிட நல்ல குறுக்கு வழி கிடையாது.

பெஹாலாவிலேயே சத்யேன் ராய் ரோட்டில் மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. மால்தா மாவட்டம் ஜகஜீவன்பூரில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையின் சுடுமண் பலகைகள் அங்கே உள்ளன. எல்லாம் செங்கல் நிறம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். சூளையில் தீ எங்கே அதிகம் பட்டது, எங்கே குறைந்தது என்பதை நிறத்திலேயே படிக்கலாம். பெஹாலாவிலிருந்து மெட்ரோவில் ஜோகா போனால் குருசதய் தத் திரட்டிய நாட்டுப்புறக் கலைப் பொருள்களின் அருங்காட்சியகம். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பழைய சேலை நூலில் தைத்த காந்தா போர்வைகளில் நிறம் பக்கத்து நிறத்தோடு எப்படிப் பேசுகிறது என்று ஒரு மணி நேரம் பார்க்கலாம். துர்கா பூஜையின்போது வந்தால் எங்கள் பேட்டைப் பந்தல்களே போதும். பரிஷா கிளப் 2020இல், ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளித் தாயாக துர்கையை நிறுத்தியபோது, பந்தலில் பளபளப்பான நிறங்களைத் தேடினாலும் கிடைக்கவில்லை. நிறத்தை எங்கே குறைக்க வேண்டும் என்பதும் பாடம்தான்.

பிள்ளையை ஓவிய வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கட்டணம் எவ்வளவு, போட்டிக்கு அனுப்புவீர்களா என்று கேட்பதற்கு முன் இன்னொன்று கேளுங்கள்: "பிள்ளைகள் எதைப் பார்த்து வரைகிறார்கள்?" சுவரில் ஒட்டிய படத்தை, ஆசிரியர் போட்டுக் காட்டிய மலையை என்று பதில் வந்தால் வேறு வகுப்பு தேடுங்கள். மேஜையில் ஒரு காயோ செம்போ வைத்திருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் அப்படி ஒரு வகுப்பு இல்லையென்றால், வீட்டு ஜன்னலோரம் ஒரு எலுமிச்சையும் மூன்று துணியும் போதும். நீங்களும் பிள்ளையோடு உட்காருங்கள்.